டைனமிக்ஸ்: இயக்கமா, சத்தமா, வலிமையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் கட்டுரைகளைத் தமிழில் திருத்திக் கொடுக்கும் வேலையில் என்னிடம் அதிகம் வந்த கேள்விகளில் ஒன்று, “டைனமிக்ஸுக்குத் தமிழில் என்ன?” என்பது. நானும் ஒவ்வொரு முறையும் “எந்த டைனமிக்ஸ்?” என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். இயற்பியல் மாணவர், கீபோர்டு கற்கும் பிள்ளையின் அம்மா, மைக் செட் வைத்திருப்பவர், சாஃப்ட்வேர் வேலைக்குத் தேர்வெழுதுபவர் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கும் சொல் ஒன்று, பொருள் ஒன்றில்லை. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள், டைனமிக்ஸ் என்றால் என்ன?

ஒரு வரி போதாது, மூன்று வேண்டும். இயற்பியலிலும், அதைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்ட துறைகளிலும், ஒன்று ஏன் மாறுகிறது, எது அதை மாற்றுகிறது என்ற ஆராய்ச்சி. இசையிலும் ஒலிப்பதிவிலும், ஒலி எங்கே பலமாக இருக்கிறது, எங்கே மென்மையாக இருக்கிறது என்பது. கணினியிலும் வியாபாரத்திலும், முன்கூட்டியே முடிவு செய்து வைக்காமல் அந்தந்த நேரத்தில் தீர்மானிப்பது.

மூன்றுக்கும் மூலம் கிரேக்கத்தின் ‘டுனாமிஸ்’. வலிமை, ஆற்றல், ஒன்றைச் செய்யும் திறன் என்று பொருள். அதை அறிவியல் சொல்லாக்கியவர் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ், 17-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில். கவனியுங்கள், மூலச்சொல்லில் இயக்கமே இல்லை, வலிமைதான் இருக்கிறது. தமிழில் நாம் ‘இயக்கம்’ என்ற பக்கத்திலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கினோம். இயற்பியலுக்கு அது பொருந்தியது. இசைக்கு வந்தபோது இடித்தது. குழப்பத்தில் பாதி இதனால் வந்தது என்பது என் எண்ணம்.

பள்ளிப் புத்தகத்தில் வரும் ‘இயக்கவியல்’ இதுதானா?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தமிழ்நாட்டின் 11-ஆம் வகுப்பு இயற்பியல் நூலில் ‘இயக்கவியல்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆங்கில வழி நூலில் அதே பாடத்தின் பெயர் கைனமாட்டிக்ஸ், டைனமிக்ஸ் இல்லை. டைனமிக்ஸ் அடுத்த பாடத்தில், ‘இயக்க விதிகள்’ என்ற தலைப்பில் வருகிறது. இன்னும் சில பாடங்கள் தள்ளிப் போனால் தெர்மோடைனமிக்ஸ் ‘வெப்ப இயக்கவியல்’ ஆகிவிடுகிறது. ஆக, ஒரே புத்தகத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு வம்பும் உண்டு. இடதுசாரி நூல்களைப் படித்தவர்களிடம் ‘இயக்கவியல்’ என்றால் அவர்களுக்கு நியூட்டன் நினைவுக்கு வரமாட்டார், மார்க்ஸும் எங்கெல்ஸும்தான் வருவார்கள். ‘இயக்கவியல் பொருள்முதல்வாதம்’ என்பதில் உள்ள இயக்கவியல் டயலெக்டிக்ஸ் என்பதன் தமிழ். முரண்பட்ட இரண்டின் மோதலில் மாற்றம் பிறக்கிறது என்ற சிந்தனை முறை அது. அதை ‘இயங்கியல்’ என்று எழுதுபவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சொல்லே பிடித்திருக்கிறது, ஒரு மோதலாவது குறையும்.

வெறும் ‘இயக்கம்’ என்ற சொல் சினிமா டைட்டிலில் டைரக்‌ஷன், மேடையில் அரசியல் இயக்கம், ஈழத்துப் பேச்சில் ஆயுதப் போராட்டக் குழு. அதையெல்லாம் இங்கே இழுக்கவில்லை.

கைனமாட்டிக்ஸுக்கும் டைனமிக்ஸுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள் என்று வையுங்கள். வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு சுமார் 16.7 மீட்டர். குறுக்கே ஒரு மாடு. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார், பஸ் 5 நொடியில் சீராக வேகம் குறைந்து நிற்கிறது. நிற்பதற்குள் எவ்வளவு தூரம் ஓடியது? சராசரி வேகத்தை நேரத்தால் பெருக்கினால் சுமார் 42 மீட்டர். வேகம் எப்படிக் குறைந்தது? ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 3.3 மீட்டர் வீதம். இவ்வளவும் கைனமாட்டிக்ஸ். எங்கே, எப்போது, எவ்வளவு வேகம் என்பதோடு அதன் வேலை முடிந்தது. பஸ்ஸின் எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை பாருங்கள்.

‘ஏன்’ என்று கேட்கத் தொடங்கியதும் டைனமிக்ஸ் வந்துவிடுகிறது. விசை என்பது நிறையை முடுக்கத்தால், அதாவது வேகம் மாறும் வீதத்தால், பெருக்கியது. நியூட்டன் 1687-ல் வெளியிட்ட நூலிலிருந்து வரும் விதி. உங்கள் எடை 50 கிலோ என்றால், பஸ்ஸோடு சேர்ந்து நீங்களும் நிற்பதற்கு யாராவது உங்களைச் சுமார் 167 நியூட்டன் விசையால் பின்னோக்கித் தள்ள வேண்டும். 17 கிலோ மூட்டை ஒன்றைக் கையில் பிடித்துத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு. அந்த விசையைக் கொடுப்பது உங்கள் கை பிடித்திருக்கும் கம்பியும், காலுக்கும் தரைக்கும் நடுவே உள்ள உராய்வும். கம்பியைப் பிடிக்காதவர் முன்னால் நிற்பவர் மேல் போய் விழுகிறார். அவரை யாரும் தள்ளவில்லை. நிறுத்த ஆள் இல்லாததால் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பஸ்ஸை நிறுத்தியது எது? பிரேக் என்று சொல்லத் தோன்றும். பிரேக் சக்கரத்தின் சுழற்சியைத்தான் பிடிக்கிறது. பஸ்ஸைப் பின்னோக்கித் தள்ளுவது சாலை, டயரின் மேல் அது செலுத்தும் உராய்வு. அதனால்தான் முதல் மழையில் எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கும் ரோட்டில் புது பிரேக் போட்ட வண்டியும் வழுக்கிக்கொண்டு போகிறது. விசை எங்கிருந்து வருகிறது என்று தேடும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் டைனமிக்ஸில் பாதி வந்துவிட்டது.

அப்படியானால் ஸ்டாட்டிக்ஸ்?

நிலையியல். விசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் எதுவும் அசையாத நிலை. பாலம், கூரை, சுவரில் சாய்த்து வைத்த ஏணி. டைனமிக்ஸின் ஒரு தனி வகை என்று நினைத்துக்கொண்டால் போதும், முடுக்கம் சுழியம்.

வெப்ப இயக்கவியலில் எது இயங்குகிறது?

நல்ல கேள்வி. நேர்மையான பதில்: பெரும்பாலும் எதுவுமில்லை. கல்லூரியில் படிக்கும் வெப்ப இயக்கவியல் சமநிலையில் இருக்கும் பொருள்களைப் பற்றியது. தொடக்க நிலை இது, இறுதி நிலை இது, நடுவே எவ்வளவு வெப்பம், எவ்வளவு வேலை என்று கணக்குப் போடும். எத்தனை நிமிடத்தில் நடக்கும் என்று சொல்லாது. அதன் அடிப்படைச் சமன்பாடுகளில் நேரம் என்ற அளவே கிடையாது. காபி கடைசியில் அறையின் வெப்பநிலைக்கு வந்துவிடும் என்று உறுதியாகச் சொல்லும், எப்போது என்று கேட்டால் வேறு துறைக்கு அனுப்பிவிடும்.

அப்புறம் ஏன் இந்தப் பெயர்? நீராவி இயந்திரக் காலம் அது. வெப்பத்திலிருந்து எவ்வளவு வலிமையைப் பெறலாம் என்பதுதான் பிரச்சினை. இங்கே ‘டைனமிக்’ பழைய கிரேக்கப் பொருளிலேயே, வலிமை என்ற பொருளிலேயே நிற்கிறது. 1849-ல் இயற்பியலாளர் கெல்வின் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோதும் அவர் பேசிக்கொண்டிருந்தது இயந்திரங்களைப் பற்றி.

பாய்ம இயக்கவியல், மின்னியக்கவியல், காற்றியக்கவியல்?

இவையெல்லாம் நேர்வழி. என்ன விசை, அதனால் என்ன இயக்கம் என்ற கேள்வியை நீர், காற்று, மின்னூட்டம் ஆகியவற்றிடம் கேட்பது. டேனியல் பெர்னூலியின் ஹைட்ரோடைனமிக்கா என்ற நூல் 1738-ல் வந்தது. அந்தத் துறை இன்னும் முடியவில்லை. தண்ணீரும் காற்றும் ஓடுவதைச் சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்பதை நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2000-ல் கிளே கணித நிறுவனம் அறிவித்தது. பரிசு அப்படியே இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு எப்படி ஓட வேண்டும் என்று தெரிகிறது, நமக்குத்தான் எழுதிக் காட்டத் தெரியவில்லை.

என் மகளின் கீபோர்டு டீச்சர் “டைனமிக்ஸ் வரவில்லை” என்கிறார். தாளம் தப்புகிறதா?

இல்லை. தாளம் சரியாக இருக்கலாம், ஸ்வரமும் சரியாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பலத்தில் அழுத்துகிறாள் என்று அர்த்தம். மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல.

மேற்கத்திய இசையில் டைனமிக்ஸ் என்பது ஒலியின் பலம், மென்மை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் விதம். குறியீடுகள் இத்தாலிய மொழியில் இருக்கும். பியானோ என்றால் மென்மையாக, ஃபோர்த்தே என்றால் பலமாக. ‘மெட்ஸோ’ முன்னால் வந்தால் ஓரளவு. பியானிஸ்ஸிமோ மிக மென்மை, ஃபோர்த்திஸ்ஸிமோ மிகப் பலம். படிப்படியாக ஏறினால் கிரெஷெண்டோ, இறங்கினால் டிமினுவெண்டோ. ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் திடீரென்று அடித்தால் ஸ்ஃபோர்ட்ஸாண்டோ.

பியானோ என்ற வாத்தியத்தின் பெயரே இங்கிருந்து வந்தது. அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு முள் கம்பியைச் சுண்டும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சுண்டுவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி, சுமார் 1700-ல், முள்ளுக்குப் பதில் சுத்தியல் வைத்தார். விரல் மெதுவாக இறங்கினால் சுத்தியலும் மெதுவாகத் தட்டும். மென்மையும் பலமும் வரும் ஹார்ப்சிகார்டு என்று அதை வர்ணித்தார்கள். அந்த ‘பியானோ எ ஃபோர்த்தே’ பியானோஃபோர்த்தே ஆகி, கடைசியில் பலம் உதிர்ந்து மென்மை மட்டும் பெயராக நின்றுவிட்டது. நம் வீடுகளில் உள்ள மலிவான கீபோர்டு சிலவற்றில் விரல் வேகத்தை உணரும் வசதி இருக்காது. எப்படி அடித்தாலும் ஒரே சத்தம். மகளைத் திட்டுவதற்கு முன் கீபோர்டு ‘டச் சென்சிடிவ்’ வகைதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதை வைத்து இசையமைப்பாளர்கள் விளையாடியிருக்கிறார்கள். ஹைடனின் 94-ஆவது சிம்பொனி 1792-ல் லண்டனில் அரங்கேறியது. இரண்டாம் பகுதி தாலாட்டுபோல மெல்லத் தொடங்கும், கேட்பவர் கொஞ்சம் சாயும் நேரத்தில் முழு ஆர்கெஸ்ட்ராவும் ‘டம்’ என்று ஒரே அடி அடிக்கும். சாய்காவ்ஸ்கி 1893-ல் எழுதிய ஆறாவது சிம்பொனியில் மென்மைக்கான ‘பி’ என்ற எழுத்தை ஒரே இடத்தில் ஆறு முறை போட்டிருக்கிறார். இரண்டு போட்டாலே மிக மென்மை. ஆறுக்கு வாத்தியக்காரர் என்ன செய்வார்? மூச்சு விடாமல் வாசிக்க வேண்டியதுதான். ராவெல் 1928-ல் எழுதிய பொலேரோ இன்னொரு துருவம்: திரும்பத் திரும்ப ஒரே மெட்டு, சுமார் கால் மணி நேரத்துக்கு ஒரே கிரெஷெண்டோ.

ஃபோர்த்தே என்றால் எத்தனை டெசிபல்?

அப்படி ஒரு எண் கிடையாது. ஒரு புல்லாங்குழலின் ஃபோர்த்தே ட்ரம்பெட்டின் பியானோவுக்குக் கீழே போய்விடலாம். முந்தைய வரியைவிடப் பலமாக, இந்த வாத்தியத்துக்கு, இந்த அறைக்குப் பலமாக என்றுதான் அதைப் படிக்க வேண்டும். டெசிபல் என்பது கருவி காட்டும் அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் திறன் 10 மடங்கு கூடுகிறது, காதுக்கோ ஏறக்குறைய இரு மடங்காகத்தான் தோன்றும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘உச்சஸ்தாயியில் கத்தினான்’ என்று எழுதுகிறோம். ஸ்தாயி என்பது சுருதியின் உயரம், சத்தத்தின் பலம் அல்ல. உயர்ந்த தார ஸ்தாயியில் முணுமுணுக்கலாம், தாழ்ந்த மந்தர ஸ்தாயியில் கர்ஜிக்கலாம். டைனமிக்ஸை ஸ்தாயி என்று மொழிபெயர்த்த ஒரு கட்டுரை என்னிடம் திருத்தத்துக்கு வந்திருக்கிறது, அன்று எனக்கு இரண்டு மணி நேரம் போனது.

கர்நாடக இசையில் டைனமிக்ஸ் கிடையாது என்கிறார்களே?

எழுத்தில் கிடையாது, கச்சேரியில் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பியதால் வந்த பேச்சு இது. வழக்கமான ஸ்வரக் குறிப்பில் எங்கே பலம், எங்கே மென்மை என்று காட்டக் குறி இருக்காது. சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி மிக விரிவான குறியீட்டு நூல். அது பாடுபட்டு அடையாளம் போட்டது கமகங்களுக்கு, அதாவது சுருதி அசையும் விதத்துக்கு. நம்மவர்களின் கவலை அங்கேதான் இருந்தது.

ஆனால் மிருதங்கக்காரர்களைக் கேளுங்கள். ‘வல்லினம் மெல்லினம் தெரிந்து வாசிக்கிறார்’ என்பார்கள். பாடகர் கீழே இறங்கும்போது தொப்பியை, அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்தை, லேசாகத் தடவிவிட்டு, தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனத்தில் கையை இறக்குவது. இலக்கண வகுப்பில் க, ச, ட, த, ப, ற என்று ஒப்பித்த அதே வல்லினம்தான். ‘வல்’ என்றால் வலிமை. கிரேக்கனின் டுனாமிஸும் அதுதான். இசையின் டைனமிக்ஸுக்கு ‘ஒலி இயக்கவியல்’ என்று எங்கோ மொழிபெயர்த்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், சொல் வாசலில் நிற்க நாம் ஊரெல்லாம் தேடுகிறோமே என்று தோன்றும்.

வாத்தியமும் ஒரு எல்லை போடுகிறது. நாதஸ்வரம் கோயில் வீதிக்குப் பிறந்தது. வீணை அறைக்குள் கேட்கப் பிறந்தது. மைக் வந்த பிறகு இரண்டின் கணக்கும் மாறிப்போனது, மெல்லப் பாடுவதும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்கிறது. சில கச்சேரிகளில் மைக்கை ஏற்றி வைத்துவிட்டு மெல்லினத்தையே காணாமல் செய்துவிடுகிறார்கள் என்பது வேறு வருத்தம்.

டைனமிக் மைக் என்றால் சத்தத்தை ஏற்றி இறக்கும் மைக்கா?

கிடையாது. இங்கே டைனமிக் என்றால் உள்ளே ஒரு பாகம் அசைகிறது என்பது மட்டுமே. காற்று அதிர்வில் ஒரு மெல்லிய தகடு ஆடும். தகட்டின் முதுகில் ஒட்டிய சிறிய கம்பிச் சுருள் காந்தத்துக்கு நடுவே முன்னும் பின்னும் போகும். சுருளில் மின்சாரம் பிறக்கும். வெளியிலிருந்து கரண்ட் வேண்டாம், கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும், அதனால் மேடைக்கு ஏற்றது. 1966-லிருந்து விற்கும் ஷூர் எஸ்எம்58 இந்த வகைதான். கண்டென்சர் மைக் வேறு, அதற்கு வழக்கமாக மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். ஸ்பீக்கர் என்பது டைனமிக் மைக்கின் தலைகீழ் வடிவம். ஹெட்போனை மைக் துளையில் செருகிப் பேசிப் பார்த்தால் மெலிதாகவாவது பதிவாகும்.

டிவியில் படம் பார்க்கும்போது வசனம் கேட்பதில்லை, சண்டை வந்தால் வீடு அதிர்கிறது. ஏன்?

இது டைனமிக் ரேஞ்ச். ஒரு பதிவில் உள்ள மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலமான ஒலிக்கும் உள்ள இடைவெளி. 16 பிட் சிடியில் 96 டெசிபல் வரை இடமுண்டு, ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல். தியேட்டருக்காகக் கலந்த ஒலியில் இந்த இடைவெளி பெரிதாக இருக்கும், அங்கே அது சுகம். வீட்டில் ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும் மெல்லிய பகுதியை விழுங்கிவிடுகின்றன. வசனத்துக்காக வால்யூமை ஏற்றுகிறீர்கள், அடுத்த காட்சியில் கார் வெடிக்கிறது.

பல டிவிகளில் ‘நைட் மோட்’ என்று இருக்கும். அது இந்த இடைவெளியை நசுக்கிச் சின்னதாக்குகிறது, கம்ப்ரெஷன். விளம்பரங்கள் காதைப் பிளப்பதும் இதனால்தான்: உச்ச அளவு அதேதான், ஆனால் எல்லாம் உச்சத்திலேயே நிற்கும்படி நசுக்கியிருப்பார்கள்.

போன் கேமராவின் ஹெச்டிஆரும் (ஹை டைனமிக் ரேஞ்ச்) இதேதான், ஒலிக்குப் பதில் ஒளி. கோயில் மண்டபத்துக்குள் நின்று வாசலைப் பார்த்துப் படமெடுத்தால் ஒன்று தூண் கருக்கும், இல்லை வாசல் வெளுக்கும். போன் வெவ்வேறு வெளிச்ச அளவில் சில படங்களை எடுத்து ஒட்டுகிறது.

கணினியில் எதற்கெடுத்தாலும் டைனமிக் என்கிறார்களே?

டைனமிக் ஐபி (இணைய முகவரி), டைனமிக் பக்கம் (வலைப்பக்கம்), டைனமிக் டைப்பிங் (தரவின் வகையை நிரல் ஓடும்போது முடிவு செய்வது) எல்லாம் ஒரே கதை. முன்பே எழுதி வைக்காமல், தேவைப்படும்போது தீர்மானிப்பது. இவற்றில் இயக்கவியலைத் தேட வேண்டாம், ‘மாறும்’ என்று எழுதினால் போதும்.

கணினியின் தற்காலிக நினைவகமான டைனமிக் ரேம் மட்டும் தனி. ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். அது ஓட்டைக் குடம், கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமான சிப்புகளில் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லாக் குடத்தையும் பார்த்து மறுபடி நிரப்ப வேண்டியிருக்கிறது. ஐபிஎம்-மில் ராபர்ட் டெனார்ட் இதற்குக் காப்புரிமை பெற்றது 1968-ல். உங்கள் போன் சும்மா கிடக்கும்போதும் உள்ளே இந்தத் தண்ணீர் ஊற்றும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

டைனமிக் புரோகிராமிங் பெயர் வந்த விதம் வேடிக்கை. ஒரு பெரிய கணக்கைச் சிறு கணக்குகளாக உடைத்து, ஒருமுறை கண்ட விடையைக் குறித்து வைத்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை அது. பெயர் வைத்த ரிச்சர்ட் பெல்மன் பிற்காலத்தில் எழுதினார்: அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் வில்சனுக்கு ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லைக் கேட்டாலே ஆகாது, கணித ஆராய்ச்சி செய்வதை மறைக்க ஒரு பெயர் தேவைப்பட்டது, ‘டைனமிக்’ என்ற சொல்லைக் கெட்ட பொருளில் பயன்படுத்தவே முடியாது என்பதால் அதை எடுத்துக்கொண்டார். வில்சன் பதவிக்கு வந்தது 1953-ல், பெல்மனின் முதல் கட்டுரை 1952-ல். ஆகவே நினைவு கொஞ்சம் அலங்கரிக்கப்பட்டிருக்கலாம். இருந்தாலும் அந்தச் சொல்லின் விளம்பர மதிப்பை அவர் சரியாகத்தான் கணித்திருக்கிறார். ‘டைனமிக்கான இளைஞர் தேவை’ என்ற விளம்பரங்களைப் பாருங்கள்.

டைனமிக் ப்ரைசிங்?

தேவைக்கேற்ப ஏறி இறங்கும் விலை. இந்திய ரயில்வே 2016 செப்டம்பரில் ராஜதானி, துரந்தோ, சதாப்தி ரயில்களில் கொண்டுவந்தது: ஒவ்வொரு 10 சதவீத இடமும் விற்க விற்க அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும், ஓர் உச்சவரம்பு வரை. பெட்ரோல் விலை நாடு முழுவதும் தினமும் மாறத் தொடங்கியது 2017 ஜூன் 16. இறங்கும் பக்கம் மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை என்று கேட்காதீர்கள், என்னிடம் பதில் இல்லை.

விலங்கு, மீன் எண்ணிக்கைக்கும் டைனமிக்ஸ் உண்டாமே?

உண்டு. பிற துறைகளில் எனக்கு மிகப் பிடித்த உதாரணமும் இதுதான். முதல் உலகப் போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்தது. பிடிப்பு குறைந்தால் எல்லா மீனும் பெருகும் என்றுதானே நினைப்போம்? ஃபியூமே துறைமுகத்துக்கு வந்த மீன்களில் சுறா வகையின் பங்கு 1914-ல் 12 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 1918-ல் 36 சதவீதம். இரை மீனைவிட வேட்டை மீனுக்குத்தான் போர் நல்லது செய்திருக்கிறது. ஏன் என்று புரியாமல் உயிரியலாளர் உம்பெர்தோ தாங்கோனா, கணித மேதையான தன் மாமனார் வீட்டோ வோல்டெராவிடம் போய்க் கேட்டார்.

வோல்டெரா 1926-ல் இரண்டு சமன்பாடுகளோடு வந்தார். இரை பெருகினால் வேட்டையாடி பெருகும். வேட்டையாடி பெருகினால் இரை குறையும். இரை குறைந்தால் வேட்டையாடி பட்டினி. அது குறைய, இரை மறுபடி பெருகும். இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக ஏறி இறங்கும். இதற்குள் மீன்பிடிப்பைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், மிதமான பிடிப்பு சராசரியில் இரைக்குச் சாதகம், வேட்டையாடிக்குப் பாதகம் என்று வருகிறது. வலையை நிறுத்தினால் கணக்கு திரும்புகிறது. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா இதே சமன்பாடுகளைச் சற்று முன்பே எழுதியிருந்தார், இப்போது இருவர் பெயராலும் அழைக்கிறோம். சுறா எங்கே, எத்தனை என்று எண்ணுவது கைனமாட்டிக்ஸ் மாதிரி. ஏன் பெருகியது என்று கேட்பது டைனமிக்ஸ். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்பதன் பின்னாலும், மீன் எண்ணிக்கையை எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்ற இதே கேள்விதான் இருக்கிறது.

குரூப் டைனமிக்ஸ் என்பது மேனேஜ்மென்ட் வகுப்புப் பேச்சா?

இன்று பல இடங்களில் அப்படித்தான் ஆகிவிட்டது. தொடங்கியவர் கர்ட் லூவின், ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன உளவியலாளர். அவர் அதை உண்மையிலேயே விசைக் கணக்காகத்தான் பார்த்தார்: ஒருவரின் பழக்கத்தை முன்னே தள்ளுவது எது, பின்னே இழுப்பது எது? இரண்டாம் உலகப் போரின்போது நல்ல இறைச்சிக்குத் தட்டுப்பாடு. இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைச் சமைக்க அமெரிக்க இல்லத்தரசிகளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். சில குழுக்களுக்குச் சத்து, தேசபக்தி என்று நன்றாகச் சொற்பொழிவு நடத்தினார்கள். சில குழுக்களை அவர்களுக்குள் பேசி முடிவெடுக்கவிட்டார்கள். பிறகு விசாரித்தால், சொற்பொழிவு கேட்டவர்களில் இதுவரை சமைக்காத ஒன்றைச் சமைத்தவர்கள் 3 சதவீதம். பேசி முடிவெடுத்தவர்களில் 32. நம் ஊர்க் கூட்டங்களில் மைக்கை ஒருவரே பிடித்துக்கொண்டிருக்கும்போது இந்த எண்கள் எனக்கு ஞாபகம் வரும்.

மருந்துச் சீட்டில் ஃபார்மகோடைனமிக்ஸ் என்று பார்த்தேன்.

மருந்து உடலை என்ன செய்கிறது என்பது அது. உடல் மருந்தை என்ன செய்கிறது, எப்போது ரத்தத்தில் கலக்கிறது, எப்போது வெளியேறுகிறது என்பது ஃபார்மகோகைனெட்டிக்ஸ். பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைப்பது முதல் வகை, சில மணி நேரத்தில் அதன் அளவு ரத்தத்தில் பாதியாவது இரண்டாம் வகை.

விசையெல்லாம் தெரிந்துவிட்டால் எதிர்காலத்தைக் கணித்துவிடலாமா?

கிரகணத்துக்குச் சரி, மழைக்கு இல்லை. 1961-ல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் கணினியில் ஒரு சிறிய வானிலை மாதிரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பகுதியை மறுபடி பார்க்க நினைத்து, அச்சில் இருந்த 0.506 என்ற எண்ணைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார். கணினிக்குள் உண்மையில் இருந்தது 0.506127. திரும்பி வந்து பார்த்தால் வானிலை முற்றிலும் வேறாகப் போயிருந்தது. சமன்பாடுகளில் தவறில்லை, அதிர்ஷ்டத்துக்கும் அங்கே இடமில்லை. தொடக்கத்தில் இருந்த துளி வித்தியாசம் மடங்கு மடங்காகப் பெருகிவிட்டது. 1963-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் கேயாஸ் என்று இன்று பேசும் துறை சூடுபிடித்தது.

கடைசியாக, தமிழில் எழுதும்போது எதைப் பயன்படுத்துவது?

நான் செய்வதைச் சொல்கிறேன். இயற்பியலில் ‘இயக்கவியல்’, ஆனால் கைனமாட்டிக்ஸும் பக்கத்தில் வந்தால் முதல் பத்தியிலேயே எது எது என்று பிரித்துச் சொல்லிவிடுவேன். இசையில் ‘வல்லினம் மெல்லினம்’, பொதுவான வாசகர்களுக்கு ‘ஒலியின் ஏற்ற இறக்கம்’. மீன் எண்ணிக்கைக்கு ‘எண்ணிக்கை மாறும் விதம்’ என்று விரித்தே எழுதுவேன். கணினியில் ‘மாறும்’, ‘அவ்வப்போது உருவாகும்’. மைக்குக்கு டைனமிக் மைக் என்றே விட்டுவிடுவேன், கடைக்காரரிடம் ‘இயங்குசுருள் ஒலிவாங்கி’ கேட்டால் அவர் அடுத்த கடையைக் காட்டுவார். ஆளைப் பற்றிச் சொன்னால் ‘துடிப்பானவர்’.

டைனமைட், டைனமோ இரண்டும் இதன் உறவுக்காரர்களா?

ஆமாம், இரண்டும் டுனாமிஸின் பிள்ளைகள். ஆல்ஃபிரட் நோபல் தன் வெடிமருந்துக்கு 1867-ல் அந்தப் பெயரில் காப்புரிமை பெற்றார். டைனமோவும் அதே காலத்தில் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் பிரபலமாக்கியது. பின்சக்கரத்தில் உரசிக்கொண்டு ஓடும் சைக்கிள் டைனமோ வைத்திருந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: விளக்கு எரியும்போது பெடல் கனக்கும். வெளிச்சம் சும்மா வருவதில்லை, காந்தம் சுழல்வதை அந்த மின்சாரமே எதிர்த்துத் தள்ளுகிறது, அதற்கு எதிராகத்தான் கால் மிதிக்கிறது. ஒயரைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தால் கனம் குறைந்திருக்கும். போலீஸ்காரர் நிற்கும் திருப்பம் தாண்டியதும் டைனமோவைத் தட்டித் தள்ளிவிட்டு இருட்டிலேயே வீட்டுக்கு மிதித்த ஆட்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள்.